மூன்றாவது பட்டியல்



நவம்பர் மாதம் பிறந்ததும் எங்கள் ஆலயங்களில் நடைபெறும் ஒரு வழிபாடு உண்டு. சகல ஆத்துமாக்கள் தினத்தை அண்டிவரும் ஞாயிற்றுக்கிழமை, மரித்துப்போன சபையாரின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்போம். ஒரு பெயரை வாசித்ததும் ஆலய மணி ஒரு தரம் அடிக்கும். அந்தக் குடும்பத்தவர் எழுந்து வந்து ஒரு மெழுகுதிரியை ஏற்றிவிட்டுப் போய் அமர்வார்கள். இந்த மாதம் அந்த வழிபாட்டைப் பற்றியும், அதில் நான் விட்ட ஒரு பிழையைப் பற்றியும், அந்தப் பிழையைத் திருத்தித் தந்த ஒரு தாயைப் பற்றியும் உங்களுக்கு எழுத விரும்புகிறேன்.

அது 2013ஆம் ஆண்டு. வன்னியிலுள்ள ஒரு சிறிய சபைக்கு நான் மாற்றலாகி வந்து இரண்டாவது வருடம். முகாம்களிலிருந்து மீளக் குடியேறிய சனங்கள்தான் சபையார். ஆலயத்துக்குப் புதுத் தகரக் கூரை போட்டிருந்தோம். செல் துண்டுகள் பட்ட சுவர்கள் இன்னும் பூசப்படவில்லை. பழைய சபைப் பதிவேடு இடப்பெயர்வில் தொலைந்துவிட்டது. ஆகவே சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று ஒரு கொப்பியில் எழுதினேன்.

அந்தக் கொப்பியைப் பார்த்துத்தான் நவம்பர் வழிபாட்டுக்குப் பட்டியல் தயாரித்தேன். செல் விழுந்து இறந்தவர்கள், நோயால் இறந்தவர்கள், முகாமில் இறந்தவர்கள் எல்லாரையும் சேர்த்தேன். அவர்களோடு, 2009ஆம் ஆண்டுக்குப் பிறகு ஒரு தகவலும் இல்லாத ஏழு பேரின் பெயர்களையும் சேர்த்தேன். நான்கு வருடம் கடந்துவிட்டதே, பெயரைச் சொல்லி ஜெபித்தால் வீட்டாருக்கு ஆறுதலாக இருக்கும் என்பது என் எண்ணம். அந்த வீட்டாரிடம் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆராதனையில் அந்தப் பெயர்களில் முதலாவதை வாசித்தேன். மணி அடித்தது. மூன்றாவது வாங்கிலிருந்து ஒரு தாய் எழுந்தார். மெழுகுதிரி இருந்த மேசைப் பக்கம் அவர் வரவில்லை. நேரே வாசலுக்கு நடந்து, செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். சனிக்கிழமை தவறாமல் ஆலயத்தைக் கூட்டித் துடைப்பவர் அவர். அடுத்த சனிக்கிழமை வரவில்லை. நத்தார் ஆராதனைக்கும் வரவில்லை.

மனைவியை இரண்டு தரம் அனுப்பிப் பார்த்தேன். பிறகு தை மாதக் கடைசியில் நானே போனேன். அவர் முற்றத்தில் இருந்து பனங்கிழங்கு கிழித்து ஒடியலுக்குக் காயவைத்துக்கொண்டிருந்தார். இருக்கச் சொன்னார். தேத்தண்ணி தந்தார். பிறகு கேட்டார்:

“ஐயா, என்ர பிள்ளை செத்துப்போனான் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?”

என்னிடம் பதில் இருக்கவில்லை.

“மே மாசம் வட்டுவாகல் தாண்டி வந்த பிறகு, என்ர கண்ணுக்கு முன்னாலை பஸ்ஸிலை ஏறினவன். விசாரிச்சுப்போட்டு விடுவம் எண்டு சொல்லித்தான் ஏத்தினவை. நடந்து போய் ஏறின பிள்ளைக்கு நீங்கள் மணி அடிச்சுப்போட்டியள். நான் பெட்டி காணேல்லை, மண் போடேல்லை. போகாத கந்தோர் இல்லை, குடுக்காத கடிதம் இல்லை. எல்லா இடத்திலையும் செத்தவன் எண்டு எழுதித் தாங்கோ எண்டுதான் கேக்கினம். ஆண்டவரின்ர வீட்டிலை எண்டாலும் அவன்ரை பேரை உயிரோடை வைச்சிருப்பியள் எண்டு நினைச்சன்.”

அவர் அழவில்லை. கிழங்கைக் கிழித்துக்கொண்டே சொன்னார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். அன்று ஜெபம் பண்ணிவிட்டு வரக்கூட எனக்குத் துணிவு வரவில்லை.

ஏலி விட்ட பிழை

அன்றிரவு நான் திறந்து பார்த்தது 1 சாமுவேல் முதலாம் அதிகாரம். அன்னாளின் கதை உங்களில் பலருக்குத் தெரியும். பிள்ளையில்லாத துக்கத்தில் அவள் ஆலயத்துக்கு வந்து அழுது ஜெபிக்கிறாள். உதடுகள் அசைகின்றன, சத்தம் கேட்கவில்லை. வாசல் நிலையருகே ஆசனத்தில் இருந்த ஆசாரியன் ஏலி அதைப் பார்த்து, இவள் குடித்திருக்கிறாள் என்று முடிவுசெய்து கண்டிக்கிறான். தான் குடிக்கவில்லை, மனக்கிலேசத்தால் தன் ஆத்துமாவை ஆண்டவர் முன் ஊற்றிக்கொண்டிருக்கிறேன் என்று அவள் அவனுக்கு விளங்கப்படுத்த வேண்டியிருந்தது.

சிறு வயதிலிருந்து இந்தக் கதையைக் கேட்டு வந்திருக்கிறேன். அன்னாளின் விசுவாசத்தைப் பற்றிப் பல தடவை பிரசங்கமும் செய்திருக்கிறேன். ஏலியின் இடத்தில் என்னை வைத்து ஒருநாளும் வாசித்ததில்லை. ஆலயத்திலேயே வாழ்ந்து, ஆராதனையையே தொழிலாகக் கொண்ட ஒருவனுக்கு, கண்ணுக்கு முன்னால் நடந்த மெய்யான ஜெபம் எது என்று தெரியாமல் போயிற்று. ஒன்றை மட்டும் ஏலிக்குச் சாதகமாகச் சொல்லலாம். அவள் விளங்கப்படுத்தியதும் அவன் தன் பிழையை உணர்ந்து அவளை ஆசீர்வதித்து அனுப்பினான். போதகர்கள் பிழை விடாதவர்கள் அல்ல. பிழையைச் சொல்லிக்காட்டும்போது கேட்கத் தெரிந்தவர்களாகவாவது இருக்க வேண்டும்.

என் பிழை அந்த ஒரு ஞாயிறோடு நிற்கவில்லை என்பதும் அன்றுதான் விளங்கியது. எங்கள் சபையில் மாதம் ஒரு தரம் சாட்சி சொல்லும் நேரம் இருந்தது. “செல் பக்கத்திலை விழுந்தது, ஆண்டவர் எனக்கு ஒரு காயமும் இல்லாமல் காப்பாற்றினார்” என்று ஒருவர் எழுந்து சொல்வார். எல்லாரும் கைதட்டி ஸ்தோத்திரம் சொல்வோம். அதே வாங்கின் மறு அந்தத்தில், அதே பங்கருக்குள் பிள்ளையைப் பறிகொடுத்தவள் இருப்பாள். அவளும் ஜெபித்தாள்தானே? அவளுடைய ஜெபம் எங்கே போயிற்று? அந்தக் கேள்வியோடு அவள் வீட்டுக்குப் போவதை நாங்கள் கவனிக்கவில்லை.

1995ஆம் ஆண்டு யூலை 9ஆம் திகதி நவாலி சென் பீற்றர்ஸ் ஆலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த சனங்கள்மேல் விமானத்திலிருந்து குண்டு வீசப்பட்டது. நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். 2019ஆம் ஆண்டு ஏப்பிரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, மட்டக்களப்பு சீயோன் ஆலயத்தில் குண்டு வெடித்தபோது ஞாயிறு பாடசாலைக்கு வந்த பிள்ளைகளும் இறந்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு விசுவாசம் குறைவு என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? உயிர் தப்பியவர் நன்றி சொல்வது சரி, சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஆண்டவர் என்னைத் தெரிந்தெடுத்துக் காப்பாற்றினார் என்று சொல்லும்போது, பக்கத்தில் இருப்பவளின் பிள்ளையை அவர் கைவிட்டார் என்றும் சொன்னதாகிவிடுகிறது. சாட்சி சொல்லுமுன் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று ஒரு தரம் திரும்பிப் பார்க்கும்படி இப்போது நான் சபையாருக்குச் சொல்வதுண்டு.

முறையிடுவதும் ஆராதனைதான்

வேதாகமத்தில் 150 சங்கீதங்கள் இருக்கின்றன. அவற்றுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அழுகையும் முறைப்பாடுமே. இஸ்ரவேல் மக்கள் இவற்றை மறைத்து வைக்கவில்லை. ஆராதனையில் சபையாகக் கூடிப் பாடினார்கள். 13ஆம் சங்கீதத்தில், இன்னும் எவ்வளவு காலம் என்ற கேள்வி முதல் இரண்டு வசனங்களுக்குள் நான்கு தரம் வருகிறது. அழுகைச் சங்கீதங்களில் அநேகமானவை கடைசியில் ஒரு நம்பிக்கை வார்த்தையோடு முடியும். 88ஆம் சங்கீதத்தில் அதுவும் இல்லை. இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது. எபிரேய மொழியில் அதன் கடைசிச் சொல்லே இருள் என்பதுதான். இதைப் பரிசுத்த வேதத்தில் சேர்த்து வைத்தவர்கள், இப்படியும் ஆண்டவரோடு பேசலாம் என்று அறிந்தவர்கள்.

யோபுவின் சிநேகிதரைப் பாருங்கள். அவர்கள் வந்து ஏழு பகலும் ஏழு இரவும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் இருந்தார்கள். அவர்கள் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான். வாய் திறந்த பிறகு, நீ என்ன பாவம் செய்தாய் என்று தேடத் தொடங்கிவிட்டார்கள். கடைசியில் ஆண்டவர் கோபித்துக்கொண்டது, தம்மோடு வழக்காடிய யோபுவின்மேல் அல்ல. தமக்காகப் பேசுகிறோம் என்று நினைத்த அந்தச் சிநேகிதரின்மேல்தான்.

பெத்தானியாவில் லாசரு இறந்து நான்காம் நாள் இயேசு வருகிறார். மார்த்தாளும் மரியாளும், நீர் இங்கே இருந்திருந்தால் எங்கள் சகோதரன் இறந்திருக்கமாட்டான் என்று அவரிடம் முறையிடுகிறார்கள். அதற்காக அவர் அவர்களைக் கண்டிக்கவில்லை. இன்னும் சிறிது நேரத்தில் லாசருவை எழுப்பப்போகிறார் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் அவர் அழுதார். சிலுவையில் அவர் கூப்பிட்ட கூப்பாடும் ஒரு முறைப்பாட்டுச் சங்கீதத்தின் தொடக்கம்தான். 22ஆம் சங்கீதம் அது.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், என்னிடம் வரும் சகோதரிகள் பலர் வெட்கத்தோடு சொல்வது ஒன்றே: “ஐயா, எனக்கு இப்ப கோயில்லை பாட்டுப் பாட வருகுதில்லை. எனக்கு விசுவாசம் போட்டுது போலை.” விசுவாசம் போனவள் ஆண்டவரிடம் முறைப்பாடு கொண்டுபோகமாட்டாள். கேட்பதற்கு ஒருவரும் இல்லை என்று நினைத்தால் மனிதர் வாய் திறப்பதில்லை. நீங்கள் இரவில் பாயில் புரண்டு, எங்கே என்ர பிள்ளை என்று கேட்கும் கேள்வி, கேட்கிறவர் ஒருவர் இருக்கிறார் என்று நம்பித்தான் வருகிறது. அதை ஜெபம் என்று சொல்லத் தயங்க வேண்டாம். பாட்டு வராத ஞாயிற்றுக்கிழமைகளில் சும்மா வந்து இருங்கள். மற்றவர்கள் உங்களுக்காகவும் சேர்த்துப் பாடட்டும். சபை என்று ஒன்று இருப்பதே அதற்குத்தான்.

பாறைமேல் இருந்த தாய்

அதிகம் பிரசங்கிக்கப்படாத ஒரு பெண் 2 சாமுவேல் 21ஆம் அதிகாரத்தில் இருக்கிறாள். பெயர் ரிஸ்பாள். சவுல் ராசாவின் மறுமனையாட்டி. சவுல் கிபியோனியருக்குச் செய்த அநியாயத்துக்குப் பழியாக, அவளுடைய இரண்டு பிள்ளைகளும் சவுலின் பேரப்பிள்ளைகள் ஐவரும் ஒப்புக்கொடுக்கப்பட்டு மலையிலே தூக்கிலிடப்பட்டார்கள். உடல்களை அடக்கம் பண்ணவும் விடவில்லை.

ரிஸ்பாள் ஓர் இரட்டுப் புடவையைப் பாறைமேல் விரித்து அங்கேயே இருந்துவிட்டாள். வாற்கோதுமை அறுப்புத் தொடங்கிய காலத்திலிருந்து மழை பெய்யும்வரை இருந்தாள். பகலில் பறவைகளும் இரவில் மிருகங்களும் உடல்களை அண்டவிடாமல் காத்தாள். அந்த அதிகாரத்தில் அவள் பேசியதாக ஒரு வார்த்தையும் எழுதப்படவில்லை. ஆனால் அந்தச் செய்தி அரண்மனைக்குப் போயிற்று. தாவீது ராசா எழுந்து, சவுலுடையதும் யோனத்தானுடையதுமான எலும்புகளை எடுப்பித்து, தூக்கிலிடப்பட்டவர்களின் எலும்புகளையும் சேர்ப்பித்து, குடும்பக் கல்லறையில் அடக்கம் பண்ணுவித்தான். அதன் பிறகே ஆண்டவர் தேசத்துக்காகச் செய்யப்பட்ட விண்ணப்பத்தைக் கேட்டார் என்று வேதம் சொல்கிறது. ஒரு தாயின் துக்கத்துக்கு உரிய மரியாதை கொடுக்கப்படும்வரை, நாட்டுக்காகச் செய்த ஜெபம் பதில் இல்லாமலே கிடந்திருக்கிறது.

பங்கர் ஓரத்தில் அவசரமாகக் குழிதோண்டிப் புதைத்துவிட்டு வந்தவர்களும், அதற்கும் நேரமில்லாமல் அப்படியே விட்டுவிட்டு நடந்தவர்களும் இதை வாசிப்பீர்கள். ரிஸ்பாள் உங்கள் சகோதரி. பிள்ளையை அடக்கம் பண்ண முடியவில்லையே என்ற உங்கள் துக்கத்துக்கு வேதத்தில் ஓர் இடம் இருக்கிறது.

எங்கள் நாட்டிலும் ரிஸ்பாள்கள் இல்லாத காலம் இருக்கவில்லை. 1984ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் பிள்ளைகள் கைதுசெய்யப்பட்டபோது தாய்மார் அன்னையர் முன்னணியாகக் கூடிக் கச்சேரிக்கு ஊர்வலம் போனார்கள். 1990இல் தெற்கிலும், காணாமற்போன சிங்கள இளைஞரின் தாய்மார் அதே பெயரில் ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். 1992இல் அந்தத் தாய்மார் கொழும்பு முகத்துவாரம் காளி கோவிலில் கூடித் தங்கள் முறைப்பாட்டைச் சொல்லி அழுது வேண்டினார்கள். 2017ஆம் ஆண்டு பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் தாய்மார் தொடர் போராட்டத்தைத் தொடங்கியதும் கந்தசுவாமி கோவில் முன்பாகத்தான். அழுகையை எங்கே கொண்டுபோவது என்று பெண்களுக்குத் தெரிந்திருக்கிறது. வாசலைத் திறந்து வைப்பதா பூட்டி வைப்பதா என்பதுதான் எங்களைப் போன்ற குருமாரின் கேள்வி.

நாங்கள் செய்தது

2014ஆம் ஆண்டு நவம்பருக்கு முன் ஆலயக் குழுவைக் கூட்டினேன். இரண்டு பட்டியல் போதாது என்றேன். மரித்தோருக்கு ஒன்று இருக்கிறது. நோயாளிகளுக்காகவும் பிரயாணிகளுக்காகவும் ஜெபிக்க உயிரோடிருப்போருக்கு ஒன்று இருக்கிறது. எந்தப் பட்டியலிலும் எழுத முடியாதவர்களுக்கு மூன்றாவது ஒன்று வேண்டும் என்றேன்.

எல்லாரும் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு மூப்பர், இதனால் வீண் பிரச்சினை வரும் என்று பயந்தார். அந்தக் காலத்தில் அந்தப் பயம் நியாயமானதுதான். இன்னொருவர், “ஐயா, ஒருக்கா முடிச்சுவிட்டால்தானே மனம் ஆறும்? நீங்கள் புண்ணைத் திறந்து வைக்கிறியள்” என்றார். மாதர் சங்கத்திலிருந்து வந்த சகோதரி ஒருவர்தான் பதில் சொன்னார்: “அண்ணை, அது எங்கடை புண். எப்ப மூடுறது எண்டு நாங்கள் சொல்லுறம்.” அதற்குப் பிறகு குழுவில் பேச்சு இல்லை.

வழிபாட்டை இப்படி ஒழுங்கு செய்தோம். முதலில் மரித்தோரின் பெயர்கள் மணியோடு வாசிக்கப்படும். பிறகு மணி நிறுத்தப்படும். மூன்றாவது பட்டியலைப் போதகர் வாசிப்பதில்லை. அந்தந்த வீட்டுப் பெண்களே இருந்த இடத்தில் எழுந்து நின்று பெயரைச் சொல்வார்கள். சொல்ல முடியாதவருக்காகப் பக்கத்தில் இருப்பவர் சொல்வார். பிறகு ஒரு நிமிடம் மௌனம். அதன்பின் ஜெபம். அந்த ஜெபத்தில் ஆத்தும இளைப்பாறுதல் என்ற சொல்லும் வராது, திரும்ப வரப்பண்ணும் என்ற சொல்லும் வராது. இவர்கள் எங்கே என்று எங்களுக்குத் தெரியாது, உமக்குத் தெரியும், அறிந்தவர்களை உண்மை சொல்லவையும் என்று மட்டும் கேட்போம்.

ஒரு விதியும் வைத்தோம். மூன்றாவது பட்டியலில் உள்ள பெயரை முதலாவது பட்டியலுக்கு மாற்றுவதானால், அந்த வீட்டுப் பெண் தானாக வந்து சொல்ல வேண்டும். போதகரோ உறவினரோ அதைப் பற்றிக் கேட்கவும் கூடாது. இரண்டு வருடம் கழித்து ஓர் இளம் தாய் வந்து, கணவருடைய பெயரை இனி மணியோடு வாசிக்கும்படி கேட்டார். பிள்ளைகள் வளருகிறார்கள், அவர்களுக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும் என்றார். அந்த ஞாயிறு மணி அடித்தபோது, மூன்றாவது பட்டியல் பெண்கள் எல்லாரும் எழுந்து போய் அவரோடு நின்றார்கள். நீ கைவிட்டுவிட்டாய் என்று ஒருவரும் சொல்லவில்லை. இவர் மாற்றிவிட்டாரே, நீயும் மாற்று என்று மற்றவர்களுக்கும் ஒருவரும் சொல்லவில்லை.

விசுவாசத்தை விலை பேசுகிறவர்கள்

ஓர் எச்சரிக்கையும் எழுத வேண்டியிருக்கிறது. உங்கள் மகன் உயிரோடு இருக்கிறான், தரிசனத்தில் கண்டேன், இத்தனை நாள் உபவாசமிருந்து இவ்வளவு காணிக்கை கட்டினால் நத்தாருக்கு முன் வருவான் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். சாத்திரம் பார்க்கிறோம், மை போட்டுப் பார்க்கிறோம் என்று வருகிறவர்களும் இருக்கிறார்கள். காதுத் தோட்டை ஈடுவைத்துக் கொடுத்த சகோதரிகளை எனக்குத் தெரியும். மகன் வராதபோது, உன் விசுவாசம் போதாது என்று பழியையும் அவள் தலையிலேயே போட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

அவர்கள் வழமையாக எடுப்பது யோசேப்பின் கதை. யாக்கோபு இரத்தம் தோய்ந்த அங்கியைக் கண்டு மகன் இறந்தான் என்று நம்பினார், ஆனால் மகன் எகிப்தில் உயிரோடு இருந்தான் என்பார்கள். கதை உண்மைதான். அதை வைத்து உங்கள் மகனும் வருவான் என்று வாக்குக் கொடுக்க என்னால் முடியாது. அதற்கு அதிகாரம் எனக்கில்லை, அவர்களுக்கும் இல்லை. தெரியாததைத் தெரியும் என்று சொல்லிப் பணம் வாங்குகிறவர் எந்த மதத்தவராக இருந்தாலும் முற்றத்தோடு அனுப்பிவிடுங்கள்.

இன்னொரு பக்கம், அலுவலக வாசல்களில் கோப்போடு நிற்பதை நிறுத்திவிட்டு ஜெபத்தில் மட்டும் காத்திரு என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். லூக்கா 18ஆம் அதிகாரத்தில், ஜெபத்தைப் பற்றி விளங்கப்படுத்த இயேசு சொன்ன உவமை என்ன? தேவனுக்குப் பயப்படாத, மனிதரை மதிக்காத ஒரு நியாயாதிபதியிடம் ஒரு விதவை திரும்பத் திரும்பப் போய் நியாயம் கேட்கிறாள். அவன் அலுத்துப்போய் நியாயம் செய்கிறான். சோர்ந்துபோகாமல் ஜெபிப்பதற்கு இயேசுவுக்குக் கிடைத்த உதாரணம், கந்தோர் வாசலில் நின்ற ஒரு பெண். 2013இல் நியமிக்கப்பட்ட காணாமற்போனோர் பற்றிய ஆணைக்குழுவிடம் 20,000க்கு மேற்பட்ட முறைப்பாடுகள் கொடுக்கப்பட்டன. அவற்றுள் படைவீரரின் குடும்பங்கள் கொடுத்தவையும் உண்டு. அந்த வரிசையில் நின்றவர்களை நான் அந்த விதவையின் சகோதரிகளாகவே பார்க்கிறேன்.

சான்றிதழ் பற்றியும் சிலர் கேட்டிருந்தீர்கள். முன்பு மரணச் சான்றிதழ் ஒன்றுதான் இருந்தது. 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின் பிறகு, ஆள் இறந்தார் என்று சொல்லாமல், காணப்படவில்லை என்று மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழ் ஒன்றையும் பெறலாம். சொத்து, வங்கி, பிள்ளைகளின் பாதுகாப்பு போன்ற சில அலுவல்களுக்கு அது உதவும். அரசாங்கத்தின் சட்டமே மூன்றாவது பட்டியல் ஒன்று வேண்டும் என்று ஏற்றுக்கொண்டிருக்கிறது. அதை எடுப்பதும் எடுக்காமல் விடுவதும் உங்கள் தீர்மானம். எடுத்ததால் பிள்ளையைக் கைவிட்டதாகவோ, எடுக்காததால் விசுவாசமுள்ளவளாகவோ ஆகிவிடமாட்டீர்கள்.

பொட்டு வைக்கலாமா, நிறச்சேலை உடுக்கலாமா என்ற கேள்வியும் அப்படித்தான். கணவர் பற்றித் தகவல் இல்லாத ஒரு பெண் ஆலயத்துக்குப் பச்சைச் சேலை உடுத்து வந்தால், அதைப் பார்த்துக் கண் சாடை காட்டுகிறவர்கள் அன்று ஆராதனைக்கு வரவில்லை என்றே நான் நினைப்பேன்.

கடைசி வாங்கு

அந்தத் தாய் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். 2014 நவம்பர் வழிபாட்டுக்கு முதல் நாள், சனிக்கிழமை, விளக்குமாறோடு வந்தார். ஒன்றும் பேசவில்லை. ஆலயத்தைக் கூட்டினார். மறுநாள் கடைசி வாங்கில் வந்து இருந்தார். மூன்றாவது பட்டியல் தொடங்கியதும் முதலில் எழுந்து மகனுடைய பெயரைச் சொன்னவர் அவர்தான். சத்தமாகச் சொன்னார், வகுப்பில் இடாப்புக் கூப்பிடுவதைப் போல.

அதன் பிறகு ஒரு ஞாயிறும் தவறவில்லை. துதிப் பாட்டுகளுக்கு மட்டும் வாய் திறக்கமாட்டார். எழுந்து நிற்பார், புத்தகத்தைத் திறந்து பிடித்திருப்பார், பாடமாட்டார். நானும் ஏன் என்று கேட்டதில்லை. அறுவடைப் பண்டிகைக்கு ஒவ்வொரு வருடமும் இரண்டு பூசணிக்காய் கொண்டுவருவார். ஒன்று தன் பெயரில், மற்றது மகன் பெயரில். ஏலம் கூறுகிறவர் அந்தப் பெயரையும் சேர்த்துச் சொல்லித்தான் ஏலம் கூற வேண்டும்.

2022ஆம் ஆண்டு அவர் காலமானார். மகனைப் பற்றி எந்தச் செய்தியும் தெரியாமலே போனார். காத்திருந்த தாய்மாரும் தந்தைமாரும் பலர் இப்படிப் போய்விட்டார்கள். நான் அப்போது வேறு சபைக்கு மாற்றலாகியிருந்தேன். அந்த வருட நவம்பர் வழிபாட்டுக்கு என்னை அழைத்திருந்தார்கள். முதலாவது பட்டியலில் அவருடைய பெயரை வாசித்தோம். மணி அடித்தது. மூன்றாவது பட்டியல் வந்தபோது, இனி அந்தப் பெயரைச் சொல்ல யார் இருக்கிறார்கள் என்று எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது.

அடுத்த வீட்டுச் சகோதரி எழுந்தார். தன் கணவருடைய பெயரைச் சொன்னார். இருக்கவில்லை. பிறகு அந்தப் பிள்ளையின் பெயரையும் சொன்னார். ஆராதனை முடிந்து வாசலில் கேட்டேன். “அக்கா ஆஸ்பத்திரியிலை இருக்கேக்கையே என்னட்டைச் சொல்லிப்போட்டா ஐயா. பேரை விட்டிடாதை எண்டு. எனக்குப் பிறகு என்ர மகள் சொல்லுவாள்” என்றார்.

விசுவாசம் என்றால் என்ன என்று இப்போது யாராவது என்னிடம் கேட்டால், நான் அந்த இரண்டு பெண்களைத்தான் நினைக்கிறேன்.

சைவச் சகோதரிகளும் இஸ்லாமியச் சகோதரிகளும் இந்தப் பக்கத்தை வாசிக்கிறீர்கள் என்று அறிவேன். உங்கள் கோவிலிலும் பள்ளிவாசலிலும் உங்கள் முறைப்படி அந்தப் பெயர்களைச் சொல்லுங்கள். கிறிஸ்தவச் சகோதரிகள், உங்கள் சபையில் மூன்றாவது பட்டியல் இல்லையென்றால் மாதர் சங்கமாகப் போய்ப் போதகரிடம் கேளுங்கள். என்னைப் போல அவருக்கும் தெரியாமல் இருக்கலாம்.

ஜெபிப்போமாக:

ஆண்டவரே, பாட முடியாதவர்களின் மௌனத்தையும் கேட்கிறவர் நீர். எங்கே என்று கேட்டுக் களைத்துப்போன தாய்மாரோடு இரும். அறிந்தவர்களின் வாயைத் திறந்தருளும். அவசரமாக ஆறுதல் சொல்லும் எங்கள் வாயைக் காத்தருளும். காணாமற்போனவர்களின் பெயர்களை நாங்கள் மறந்தாலும் நீர் மறவாதேயும். ஆமென்.